பிஜித் தென்னையைக் காத்த மலாயா ஈ

பிஜியின் வீத்தி லெவுத் தீவில், சிறிய அந்துப்பூச்சி ஒன்றின் புழுக்கள் தென்னை ஓலைகளை அரித்துக் கொப்பரை வாணிகத்தையே நலிவித்தன. நெடிய மரங்களுக்கு மருந்து தெளிப்பதும் எளிதன்று. மலாயாவிலோ, அப்பூச்சிக்கு உறவான மற்றொரு தென்னைப் பூச்சியை ஓர் ஈ அடக்கி வந்தது. அந்த ஈ புழுவின்மேல் முட்டையிடும். அதன் குஞ்சு புழுவின் உடலைத் தின்று வளரும்.

டொட்ஹில் என்ற அறிஞர் தலைமையில், 1925ஆம் ஆண்டு மலாயாவிலிருந்து கப்பலில் வந்த ஈக்களுள் ஏறத்தாழ 300 உயிருடன் பிஜியை அடைந்தன. சில ஆண்டுகளில் புழுவின் தொல்லை ஒழிந்தது, தென்னை தழைத்தது.

ஆயினும் பிஜியில் மட்டுமே அறியப்பட்ட அந்த அந்துப்பூச்சி, பிற்காலத்தில் அடியோடு அழிந்ததாகக் கருதப்படுகிறது. ஈயோ வேறு அந்துப்பூச்சிகளையும் தாக்கியது. துணைக்கு அழைக்கும் உயிர் வேறு எவற்றைத் தின்னும் என்பதையும் முன்னரே ஆராய்தல் வேண்டும் என்பதே பிஜி தந்த பாடம்.