முதியோர் பராமரிப்பில் நறுமணச் சிகிச்சை

செடிகளின் பூ, இலை, பழத்தோல் முதலியவற்றிலிருந்து பெரும்பாலும் நீராவியால் வடித்தெடுக்கப்படும், எளிதில் ஆவியாகும் எண்ணெய்களை முகரச் செய்தோ பிற எண்ணெயில் கலந்து தடவியோ முதியோரின் பதற்றத்தையும் உறக்கமின்மையையும் தணிக்க முயலும் துணைமுறை. பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மோரிஸ் கட்டஃபோசே 1937இல் வெளியிட்ட நூலால் இது இப்பெயரில் பரவியது.

பிரிட்டனில் நடந்து 2002இல் வெளியான ஆய்வொன்றில், முற்றிய மறதிநோயுடைய 72 பேரில் ஒரு பாதியினருக்கு, எலுமிச்சை மணம் வீசும் புதினாக் குடும்பச் செடியான மெலிசாவின் எண்ணெய் கலந்த களிம்பும், மறு பாதியினருக்குச் சூரியகாந்தி எண்ணெய் கலந்ததும் முகத்திலும் கைகளிலும் தடவப்பட, முன்னவரிடம் அமைதியின்மை கூடுதலாகக் குறைந்தது. எனினும் யாருக்கு எது தடவப்பட்டது என்பதை மணமே காட்டிக்கொடுத்துவிடக்கூடும் என்பதால், 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில் மதிப்பீட்டாளர்கள் மூக்கில் கவ்வி மாட்டிக்கொண்டனர். அப்போது மெலிசா போலி மருந்தைவிட மேம்பட்டதாகத் தெரியவில்லை. மறதிநோயில் முகர்திறனே மங்கிவிடுவதால், பயன் ஏதுமிருப்பின் அதில் தொடுகைக்கும் பங்குண்டு எனக் கருத இடமுண்டு.

முதியோரின் தோல் மெலிந்திருப்பதால் எண்ணெய் மிகவும் நீர்க்கச் செய்தே தடவப்படுகிறது. ஆஸ்துமா உடையோருக்கு அதன் ஆவி மூச்சிரைப்பைத் தூண்டலாம். யூக்கலிப்டஸ் தைலத்தைத் தவறி விழுங்கினால் வலிப்பு வரக்கூடுமாதலால், மறதியுள்ளோர் கைக்கெட்டும் இடத்தில் குப்பியை வைக்கலாகாது.