முற்றத்து வேம்பும் உச்சிச் சூரியனும்

பங்குனி மாதத்தின் கடைசி வாரத்தில் பத்திரிகை அலுவலகத்துத் தொலைபேசிக்கு ஓய்வே இராது. புத்தாண்டு பிறக்கும் நேரம் வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒன்றாகவும் திருக்கணித பஞ்சாங்கத்தில் வேறொன்றாகவும் இருக்கும். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேர வேறுபாடு. சிறப்பிதழில் இரண்டையும் அருகருகே கட்டம் போட்டு வெளியிடுவோம். அப்படியிருந்தும் வாசகர்கள் அழைத்து, "தம்பி, எது சரி?" என்பர். "உங்கள் ஊர்க் கோயில் எதைப் பின்பற்றுகிறதோ, அதுவே சரி" என்று சொல்லித் தப்பிக்கொள்வேன். அது கேள்விக்கு விடையன்று என்பது எனக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும்.

அம்மம்மாவுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. அவருடைய பஞ்சாங்கம் முற்றத்திலே நின்றது.

யாழ்ப்பாணத்து வசந்தம் ஈரத்தோடு வருவதன்று. மாரி ஓய்ந்து, கிணற்றில் நீர் கீழிறங்கி, நிலம் இறுகிய பின்னரே அது வரும். மாசியில் வேம்பு இலையுதிர்க்கும். பின்னர் செம்பு நிறத்தில் தளிர்க்கும். பங்குனி நடுவில் ஒரு காலை எழுந்து வந்தால் முற்றம் முழுவதும் சின்னஞ்சிறு வெண்பூக்கள் கிடக்கும். அம்மம்மா முதல்நாள் மாலையே முற்றத்தைக் கூட்டி, மரத்தடியில் பழைய ஓலைப்பாய்களை விரித்து வைத்திருப்பார். விடிந்ததும் பூவைக் கடகத்தில் அள்ளி, சுளகிலே புடைத்துக் காயவைப்பார். உழுந்தோடு சேர்த்து அது வடகமாகும். வேலிக்கு அப்பால் குயில் விடாமல் கூவும். காகத்தின் கூட்டில் முட்டையிடப் போகும் பறவைக்கு இவ்வளவு இனிய குரலா என்று அம்மம்மா ஏசுவதும் உண்டு. தெற்கே சிங்கள மக்களும் இதே குயிலின் குரலையும் முள்முருக்கின் சிவந்த பூவையும் கண்டே தம் புத்தாண்டை எதிர்பார்க்கின்றனர்.

வெயில் ஏறினால் அம்மனுக்குரிய காலம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பங்குனித் திங்கட்கிழமைகளில் தென்மராட்சியின் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குக் குடாநாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருவர். வெளியில் அடுப்பு மூட்டிப் பொங்குவர். மட்டுவில் கத்தரிக்காய்க்குத் தனிப் பெயர் உண்டு. அந்தக் கறியில்லாத பொங்கலை அங்கே பொங்கலென்று எவரும் ஒப்புக்கொள்வதில்லை. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதென 1980 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய தலைமுறைகளுக்குக் கோடை என்பது அச்சத்தின் காலம். வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுக்குள் அயலார் நுழையமாட்டார்கள். நேர்த்தி வைத்த தாய்மார் பிள்ளை பிழைத்ததும் பொங்கல் பானையோடு நடந்தனர்.

இந்த வழிபாட்டின் நீடிப்பைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. 1619 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உட்படப் பல ஆலயங்களை இடித்தனர். 1658 முதல் ஆண்ட ஒல்லாந்தரும் சைவ வழிபாட்டை வெளிப்படையாக நடத்த விடவில்லை. விரத நாளில் உண்ட வாழையிலையைக் கூரையிறப்பில் செருகி மறைத்து வைத்ததாகப் பெரியோர் சொல்லும் வழக்கு எங்கள் ஊரில் இன்றும் உண்டு. கற்கோயிலை இடிக்கலாம், வளவு வேம்பின் அடியில் மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பை எவ்வாறு இடிப்பது? பின்னாளில் ஆறுமுக நாவலர் (1822–1879) கண்ணகி வழிபாட்டை ஏற்காமல் எதிர்த்தார். காலப்போக்கில் கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன்களின் பெயரை ஏற்றன. பெண்களோ முன்போலவே பொங்கிக்கொண்டிருந்தனர்.

இனிப் புத்தாண்டுக்கு வருவோம். இரவும் பகலும் சமமாகும் வசந்த நாள் மார்ச் 20 அல்லது 21 இல் வருகிறது. நாமோ ஏப்ரல் 14 வாக்கில் கொண்டாடுகிறோம். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டும் ஒரே நாளில் வந்தன. புவியின் அச்சு மெல்லச் சுழன்று 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை விலகுவதால் இன்று 24 நாள் இடைவெளி விழுந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2008 இல் தை முதல் நாளைப் புத்தாண்டாக்கிச் சட்டம் இயற்றி, 2011 இல் அதை நீக்கினார்கள். அந்த வழக்காடலில் இறங்க எனக்கு விருப்பமில்லை. ஒரு செய்தியை மட்டும் சொல்கிறேன். இலங்கையில் ஏப்ரல் 5 தொடக்கம் சூரியன் தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வோர் ஊரின் நேர் உச்சிக்கும் வருகிறது. யாழ்ப்பாணத்தின் முறை ஏப்ரல் 14, 15 அளவில். வசந்த நாளை விட்டு விலகிய புத்தாண்டு, எங்கள் காலத்தில் எங்கள் முற்றத்து உச்சிச் சூரியனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இதுவும் நிலையானதன்று, எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாளாக மீண்டும் விலகும்.

அம்மம்மா நிழலை அடியால் அளந்து நேரம் சொல்பவர். வருடப்பிறப்பை அண்டி நண்பகலில் முற்றத்தில் உலக்கையை நிமிர்த்தி நிறுத்துவார். நிழல் இராது. "வருசம் பிறந்திட்டுது, வாங்கோ முழுக" என்று கிணற்றடிக்கு அழைப்பார். தாழம்பூ, தாமரைப்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு எல்லாம் சேர்ந்து காய்ச்சிய மருத்துநீரைக் கோயிலிலிருந்து வாங்கி வைத்திருப்பார். புண்ணியகாலம் எட்டு மணி நேரம் என்பதால் பஞ்சாங்கத்தோடு அவருக்குப் பிணக்கு நேர்ந்ததில்லை.

2000 ஆம் ஆண்டுப் போரில் தென்மராட்சி மக்கள் வீடுவாசலை விட்டு ஓடினர். ஊர் திரும்பியவர்கள் கண்டவை கூரையற்ற சுவர்களும் தலையிழந்த பனைகளும். சென்ற ஆண்டு ரொறொன்ரோவிலிருந்து மருமகள் அழைத்தாள். "மாமா, எங்களுக்கு எந்த நேரம்?" என்றாள். உலகம் முழுவதற்கும் கணம் ஒன்றுதான், கடிகாரத்தில் ஒன்பதரை மணி நேரத்தைக் கழித்துக்கொள் என்றேன். "அப்ப வேப்பம்பூவுக்கு?" என்று சிரித்தாள். ஒரு பொதி வடகம் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் போய்ச் சேரவில்லை.