பழம்பாட்டும் புதுப்பாட்டும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனையை நோக்கிச் செல்லும் பெருவீதியில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தெற்கே சென்றால் களுவாஞ்சிக்குடி என்னும் ஊர் வரும். கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவிக்கு இப்பாலுள்ள நிலத்தை எழுவான்கரை என்றும், அப்பாலுள்ள நிலத்தைப் படுவான்கரை என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் பக்கமும் படும் பக்கமும் என்பது பொருள். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரை. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்.

அந்த வாவிக்கு ஒரு புகழுண்டு. நிலாக்கால இரவிலே தோணியின் துடுப்பை நீரில் அமிழ்த்தி, அதன் மறுநுனியைக் காதோடு வைத்துக் கேட்டால், நீருக்கடியிலிருந்து இன்னொலி எழும் என்பர். 'மீன் பாடும் தேன்நாடு' என்ற பெயர் இதனால் வந்தது. இயேசு சபைத் துறவியான லாங் அடிகளாரின் உதவியோடு 1960களில் இலங்கை வானொலி அவ்வொலியை நாடறிய ஒலிபரப்பியதும் உண்டு. ஆயினும், கரையோரத்து முதியவர் ஒருவரைக் கேட்டால், "இப்ப முந்தி மாதிரி மீன் பாடுறதில்லை" என்றே சொல்லுவார். மீனின் பாட்டுக்கே இக்கதி என்றால், மனிதரின் பாட்டைப்பற்றி வேறு கேட்கவும் வேண்டுமா?

தம் இளமையிற் கேட்ட பாட்டே பாட்டு, பின்வந்தது வெறுங் கூச்சல் என்பது எல்லாத் தலைமுறையினரும் சொல்லும் முறைப்பாடு. இன்று இளைஞர் கைத்தொலைபேசியிற் கேட்டு மகிழும் பாட்டு, இன்னும் ஐம்பது ஆண்டு சென்றபின் பழம்பெரும் பாட்டாக நிலைக்குமா என்ற வினாவும் அந்த முறைப்பாட்டின் மறுபக்கமே. இதற்கு விடை காண ஊகம் வேண்டியதில்லை. இதே கரையில் எந்தப் பாட்டு நின்றது, எது மறைந்தது என்று பார்த்தாலே போதும்.

மட்டக்களப்பின் நாட்டுப்பாடல்கள் இன்று தமிழர் பண்பாட்டுச் செல்வம் எனப் போற்றப்படுகின்றன. தி. சதாசிவ ஐயர் 1940ஆம் ஆண்டில் வசந்தன் பாடல்களைத் தொகுத்து 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' என வெளியிட்டார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த 'மட்டக்களப்பு நாட்டுப் பாடல்கள்' 1960இல் வந்தது. இவ்விருவரும் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. ஊராருக்கு நாளும் கேட்டுப் பழகிய பாட்டு. அதன் அருமை வெளியிலிருந்து வந்தவருக்கே முதலிற் புலப்பட்டது போலும்.

அப்பாடல்களிற் பெரும்பகுதி எத்தகையது? காதலன் காதலியைக் கேலி செய்வது, மச்சாளை மச்சான் வம்புக்கிழுப்பது, முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் இளையோர் ஒருவருக்கொருவர் மறைபொருளாகச் சொல்லிக்கொள்ளும் கவி. தாய் தந்தையர் முன்னிலையில் அவற்றைப் பாடியிருக்க முடியுமா என்பது ஐயமே. அவை அந்நாளைய இளைஞரின் 'பொப்' பாட்டுகள் என்றாற் பிழையில்லை. அன்று பெரியோர் காதிற் படாமற் பாடப்பட்டவை இன்று பாடசாலை விழாக்களிற் பெரியோர் முன்னிலையிலேயே பாடப்படுகின்றன.

ஆனால், பழமையானது என்ற காரணத்தால் மட்டும் எதுவும் நின்றுவிடவில்லை. படுவான்கரை வட்டைகளிலே வேளாண்மை வெட்டிச் சூடு வைத்து, களவெட்டியில் எருமைகளை வளைய நடத்திச் சூடு மிதித்த காலத்தில், இரவிரவாகப் பொலிப்பாட்டு எழுந்தது. மாட்டை நடத்தவும், பாடுவோர் உறங்காமலிருக்கவும், பொலி பெருகவேண்டுமென்று வேண்டவும் அப்பாட்டு உதவியது. பின்னர் உழவு இயந்திரம் சூடு மிதித்தது. அதன்பின் வந்த பொறி, நெல்லை வெட்டும்போதே தூற்றி மூட்டையாகவும் தந்துவிடுகிறது. அந்தப் பொறியின் முன்னே நின்று பொலிப்பாட்டுப் பாடுவார் யார்? அப்பாட்டை எவரும் வெறுக்கவில்லை, தடை செய்யவுமில்லை. அது இருந்த இடம் போயிற்று. அதனால் அதுவும் போயிற்று. இப்போது அது மேடையில் ஐந்து நிமிடம் நடித்துக் காட்டப்படும் காட்சி.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று இதே நிலத்தில் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழும் குழலும் பண்ணும் விரித்துரைக்கப்படுகின்றன. அவை அந்நாளின் உயர்ந்த இசை. மன்னர் அவைக்குரிய இசை. நூல் பிழைத்தது, உரைகளும் பிழைத்தன, யாழ் மட்டும் வழக்கொழிந்தது. அதன் நரம்புகள் எத்தனை, சுருதி எவ்வாறு அமைந்தது என்பதையெல்லாம் கணக்கிட்டு மீட்டெடுக்க, கல்முனைக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைக்கவேண்டியிருந்தது. 1947ஆம் ஆண்டு அவருடைய 'யாழ் நூல்' திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. சில வாரங்களில், அவ்வாண்டு ஜூலை மாதத்தில், அடிகள் மறைந்தார்.

அவர் பிறந்த ஊரிலும், களுவாஞ்சிக்குடியைச் சூழ்ந்த ஊர்களிலும், கண்ணகியின் கதை மட்டும் ஒருநாளும் வழக்கொழியவில்லை. ஆண்டு முழுதும் அடைத்திருக்கும் கண்ணகை அம்மன் கோயிற் கதவு வைகாசித் திங்களிற் சடங்குக்காகத் திறக்கப்படும். அந்நாள்களிற் கண்ணகி வழக்குரையைக் காவியமாகப் படிப்பர். இறுதி நாளிற் குளிர்த்தி பாடுவர். படிப்பவர் பெரும்பாலும் இசைப் புலவரல்லர்; கமஞ் செய்பவராகவோ மீன் பிடிப்பவராகவோ இருப்பர். தந்தை பாடக் கேட்டு மகன் பாடினான், அவ்வளவே. ஆண்டுதோறும் ஒருமுறை அது பாடப்பட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் ஒன்றிருந்தது. அவை இசையை ஆராய்ச்சியாளர் தோண்டி எடுக்கவேண்டியிருக்க, ஊரார் பாட்டைத் தோண்டவேண்டிய தேவையே எழவில்லை. செவ்விசை எது, சில்லறை இசை எது என்று தரம் பிரிப்போர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

கூத்தின் கதை இன்னும் சுவையானது. வடமோடி, தென்மோடி என இருவகைப்பட்ட கூத்துகள் விடியும்வரை வட்டக்களரியில் ஆடப்பட்டன. அண்ணாவியார் மத்தளம் கொட்ட, சல்லாரி ஒலிக்க, பிற்பாட்டுக்காரர் அடியை ஏந்திப் பாடுவர். 1950களில் நகரத்துக் கற்றோர் பலர் இதனை நாட்டுப்புறத்தாரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கினர். அக்காலத்திற் சிங்கள நாடகத்திலே பேராசிரியர் சரச்சந்திரர், பழைய நாடகம மரபைக் கொண்டு 'மனமே'யை 1956இல் மேடையேற்றிப் பெருவெற்றி கண்டார். அதன்பின் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கூத்தைச் சுருக்கிச் செம்மையாக்கி, 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964) என வரிசையாக மேடையேற்றினார். இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த மாணவர் சி. மௌனகுரு.

விடிய விடிய ஆடவேண்டியதை ஒன்றரை மணி நேரத்திற் குறுக்குவதா, வட்டக்களரியில் ஆடுவதைப் படச்சட்ட மேடையில் ஏற்றுவதா என்ற மனக்குறை பழையவருக்கு எழுந்தது இயல்பே. அக்குறையில் நியாயமும் இருந்தது. இரவு முழுதும் ஊர் கூடி விழித்திருப்பது கூத்தின் ஒரு பாதி. ஆயினும், அன்று புதுமை என ஐயுறப்பட்ட 'இராவணேசன்' இன்று ஈழத் தமிழ் நாடகத்தின் உயர்ந்த படைப்புகளில் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது.

வானொலியும் இந்த வழக்கிற் சாட்சி சொல்லக்கூடியதே. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கிறது எனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அப்பாட்டுகள் ஏறக்குறைய மறைந்தன; செவ்விசை நேரம் பெருகியது. நேயர்கள் செவ்விசைக்குத் திரும்பினார்களா? இல்லை, இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1950இல் தொடங்கியிருந்த அதன் வர்த்தக சேவை கடல் கடந்து கேட்டது. எஸ். பி. மயில்வாகனத்தின் குரலுக்காகத் தமிழ்நாட்டிற் காத்திருந்தோர் பலர். ஈற்றில் 1957 அக்டோபரில் இந்திய வானொலியே 'விவித பாரதி' என ஒரு தனிச் சேவை தொடங்கித் திரைப்பாட்டை மீண்டும் ஏற்றுக்கொண்டது. அன்று அமைச்சர் அஞ்சிய அதே பாட்டுகளைத்தான் இன்றைய வானொலிகள் 'பொற்காலப் பாடல்கள்' என்று இரவு வேளையில் ஒலிபரப்புகின்றன.

இனிப் பொப்பிசைக்கு வருவோம். அதன் வேரும் மட்டக்களப்புக்கு அந்நியமன்று. 1628இற் போர்த்துக்கேயர் அங்கே கோட்டை கட்டினர். பத்தாண்டுக்குள், 1638இல், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆண்டவர் போய்விட்டனர், அவர் வழிவந்த பறங்கியர் தங்கினர். அவர்கள் போர்த்துக்கேயம் கலந்த ஒரு மொழியைத் தலைமுறை தலைமுறையாகப் பேசினர். திருமண வீட்டில் வயலின் இசைத்துக் கஃப்ரிஞ்ஞா ஆடினர். அத்தகைய ஆட்டப் பாட்டிலிருந்தே பைலா பிறந்தது. பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியான் அதனைச் சிங்களத்திற் பாடிப் பரப்பினார். குடித்துக் களிப்போர் பாட்டு என்று கற்றோர் அதனை முகஞ் சுளித்தே பார்த்தனர்.

அந்தத் தாளந்தான் தமிழிலும் துள்ளியது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. 1970களில் ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி' பாடினார். 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டமும் பெற்றார். நீண்ட தலைமயிர், பெரிய காற்சட்டை, கையிற் கிற்றார். அந்நாளைய தந்தையர் நெஞ்சம் பதைக்க இவை போதாவா? பாட்டிற் பொருளில்லை, இராகமில்லை, ஆண்டு ஒன்று நிற்காது என்பதே தீர்ப்பு. மனோகரன் 2018 ஜனவரியிற் சென்னையிற் காலமானார். தீர்ப்புச் சொன்னவர்களிற் பெரும்பாலோர் அவருக்கு முன்பே போய்விட்டனர். பாட்டு இருக்கிறது. சிங்களச் சொல்லை அடியாகக் கொண்ட அதனைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பொருளறியாமலே பாடுகின்றனர். 2021இல் யொஹானி பாடிய 'மெனிகே மகே ஹிதே' இந்தியாவெங்கும் பரவியபோதும், கேட்டோரிற் பலருக்குச் சிங்களம் தெரியாது.

ஆயினும், இன்று இகழப்படுவது அனைத்தும் நாளை போற்றப்படும் என்று முடிவு கட்டிவிடலாகாது. 1970களில் வானொலியில் ஒலித்த தமிழ்ப் பொப் பாட்டுகளில் எத்தனை இன்று எவர் நாவிலேனும் உள்ளன? கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். எஞ்சியவற்றை மட்டும் நினைத்துக்கொண்டு, அக்காலத்துப் பாட்டெல்லாம் தேன் என்று முதியோர் கூறுவர். பதர் பறந்தபின் பொலியை மட்டும் பார்த்தவரின் பேச்சு அது. இளையோரோ இன்னும் தூற்றாத சூட்டின்மேல் நிற்பவர். அவர்கள் காதிற் பதரும் நெல்லும் ஒருங்கே விழுகின்றன. எண்ணும் முறையே இங்கு நீதியற்றது.

நின்ற பாட்டுகளைப் பார்த்தால், ஏதோ ஒரு சடங்கோ கொண்டாட்டமோ அவற்றை மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டே இருந்தது தெரிகிறது. வழக்குரைக்கு வைகாசி. பைலாவுக்குத் திருமண வீடு. 'சுராங்கனி'க்குப் பாடசாலைச் சுற்றுலாப் பேருந்தும் கிரிக்கெட் மைதானத்துப் பப்பரே வாத்தியமும். அவ்வாறு அழைப்பார் இல்லாத பாட்டை ஏடேனும் ஒலிநாடாவேனும் காக்கவேண்டும். இக்கரையிலோ அதுவும் உறுதியன்று. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளி, பின்வந்த நெடும் போர், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வீடு போன இடத்தில் ஏடு தங்குவது அரிது. இன்றைய பாட்டு கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கணினியில் இருக்கிறது. அது சூறாவளிக்கு அஞ்சவேண்டியதில்லை; ஆயினும், எவரும் திரும்பக் கேளாவிட்டால் இருந்தும் இல்லாததே.

இன்று எழுவான்கரையிலே ஒரு கல்யாண வீட்டுக்குச் சென்றால் இதனை நேரிற் காணலாம். தாலி கட்டி முடிந்து, விருந்து ஓய்ந்து, மாலையில் இசைக்குழு பாடத் தொடங்குகிறது. 1970களில் 'சுராங்கனி'யை முணுமுணுத்ததற்காகத் தகப்பனாரிடம் ஏச்சு வாங்கியவர், இன்று பாட்டனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைப்பக்கம் சென்று, அந்தப் பாட்டையே பாடும்படி கேட்கிறார். அவருக்குப் பின்னே, தான் விரும்பிய பாட்டைக் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்பாட்டு முடியட்டும் என்று பேரன் காத்து நிற்கிறான்.