தானாகச் சுழலும் விசிறி: கார் ரேடியேட்டர் ஃபேனின் வரலாறு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். ரேடியேட்டர் ஃபேன் ஓடாத ஒரு கார்கூட இந்தத் தூரத்தை எந்தத் தொந்தரவும் இல்லாமல் கடந்துவிட முடியும். ஆனால் ஊருக்குள் நுழைந்து, ராஜீவ் காந்தி சிலை சந்திப்பில் இரண்டு மூன்று சிக்னல் காத்திருந்து, தட்டாஞ்சாவடி பக்கம் திரும்புவதற்குள் வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். "இவ்வளவு தூரம் நன்றாகத்தானே வந்தது, நின்ற இடத்தில் ஏன் சூடாகிறது?" என்று ஓட்டுபவர் குழம்பிப் போவார்.

ஓடும் காரைவிட நிற்கும் காருக்குத்தான் விசிறி தேவை. இந்தச் சிறிய உண்மைக்கு ஏற்றபடி விசிறியை அமைக்க மோட்டார் உலகத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. இந்தியச் சாலைகளில் அது பரவலாக வந்து சேர்ந்தது 1980களில்தான்.

தண்ணீரும் காற்றும்

பெட்ரோல் இன்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதிப் பங்கு இன்ஜினின் உடம்பிலேயே தங்கும் சூடு. அதை வெளியே கொண்டுபோகாவிட்டால் எண்ணெய் தன் வழுவழுப்பை இழக்கும், பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிக்கொள்ளும்.

கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துச் சென்றது, அவ்வளவுதான். அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் 1888-ல் அந்த வண்டியில் நெடும்பயணம் போனபோது வழியெங்கும் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது.

இந்த நிலையை மாற்றியவர் வில்ஹெல்ம் மேபாக். 1900-ன் இறுதியில் தயாரான மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காருக்குத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அவர் வடிவமைத்தார். ஆயிரக்கணக்கான சிறு குழாய்களின் வழியே காற்று புகுந்து தண்ணீரைக் குளிர்வித்தது. வண்டி மெதுவாகப் போகும்போது காற்று போதாது என்பதால் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு சிறு விசிறியையும் வைத்தார். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரிலும் இன்ஜினே பெல்ட் மூலம் சுழற்றும் விசிறி இருந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலான கார்களில் இதே ஏற்பாடுதான்.

பெல்ட் ஃபேனின் குறை

பெல்ட் ஃபேன் எளிமையானது, மலிவானது. பெல்ட் அறுந்தால் ஒழிய அது நிற்காது. ஆனால் அது இன்ஜினின் வேகத்துக்குத்தான் கட்டுப்படும், இன்ஜினின் சூட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நெடுஞ்சாலையில் வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அப்போது விசிறி அதிவேகமாகச் சுழன்று சக்தியை வீணாக்கும். விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் அது விழுங்கும் சக்தி ஏறத்தாழ எட்டு மடங்காகும். சிக்னலில் வண்டி நிற்கும்போது எதிர்க்காற்று இல்லை. அந்த நேரத்தில் இன்ஜின் மெதுவாக ஓடுவதால் விசிறியும் மெதுவாகவே சுற்றும். வேண்டாத இடத்தில் வேகம், வேண்டிய இடத்தில் சோம்பல். குளிர்காலைகளில் இன்னொரு தொல்லை. இன்ஜின் சரியான சூட்டுக்கு வருவதற்கு முன்பே விசிறி அதைக் குளிர்விக்கத் தொடங்கிவிடும்.

1957-ல் அறிமுகமான அம்பாசிடர், பம்பாயில் தயாரான ஃபியட் 1100, சென்னை அருகே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றிலும் பெல்ட் ஃபேன்தான். டிக்கியில் ஒரு கேன் தண்ணீர் இல்லாமல் கோடையில் வெளியூர் கிளம்பாத தலைமுறை அது. மலைப்பாதையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் அம்பாசிடர் ஒரு சாதாரணக் காட்சி.

மூன்று தடைகள்

விசிறிக்கு ஒரு மின்மோட்டாரை வைத்து, சூடானால் மட்டும் ஓட விட்டால் என்ன? யோசனை எளிதுதான். ஆனால் அது பரவலாக நடைமுறைக்கு வர மூன்று விஷயங்கள் கூட வேண்டியிருந்தது.

முதலாவது, சூட்டை அறியும் கருவி. சூடானால் விரியும் மெழுகை வைத்து இயங்கும் தெர்மோஸ்டாட் வால்வை செர்ஜியஸ் வெர்னே 1930களில் உருவாக்கினார். இது தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் வால்வு. விசிறிக்குத் தேவைப்பட்டது மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். 1960-ல் வந்த பிரெஞ்சு காரான பியூஜோ 404-ல் ஒரு நடுவழி காணப்பட்டது. விசிறி பெல்ட்டிலேயே ஓடும், ஆனால் நடுவில் ஒரு மின்காந்த கிளட்ச் இருக்கும். தண்ணீர் சூடானால் கிளட்ச் விசிறியைப் பிடித்துக்கொள்ளும், குளிர்ந்தால் விட்டுவிடும்.

இரண்டாவது, மின்சாரம். ஒரு சிறிய கார் விசிறிக்கே சுமார் 100 வாட் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய கார்களில் இருந்த டைனமோ, இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. விசிறி அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில் மின்சாரம் இருக்காது. 1960-ல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்தது. வண்டி நிற்கும்போதும் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் மெல்ல மெல்ல உலகெங்கும் டைனமோவின் இடத்தைப் பிடித்தது.

மூன்றாவது, கட்டாயம். இன்ஜின் நீளவாக்கில் இருக்கும்வரை அதன் முன்முனையும் ரேடியேட்டரும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன, பெல்ட் ஃபேன் வசதியாக நடுவில் நின்றது. இடத்தை மிச்சப்படுத்த இன்ஜினைக் குறுக்காக வைத்தபோது அந்த முனை சக்கரத்தின் பக்கம் திரும்பிவிட்டது. 1959-ல் வந்த மினி காரில் ரேடியேட்டரையும் பக்கவாட்டுக்கே கொண்டுபோனார்கள். 1969-ல் ஃபியட் 128-ஐ வடிவமைத்த டாந்தே ஜியாகோசா ரேடியேட்டரை முன்னாலேயே வைத்து, அதற்குத் தனி மின்விசிறியைப் பொருத்தினார். குறுக்கு இன்ஜின், முன்சக்கர ஓட்டம், தானியங்கி மின்விசிறி என்ற இந்த அமைப்பே பின்னாளில் உலகின் சிறிய கார்களுக்கு இலக்கணமாயிற்று.

மாருதியோடு வந்த மாற்றம்

இந்தியத் தெருக்களில் இந்த விசிறியைப் பரவலாக்கியது மாருதி 800. 1983 டிசம்பர் 14 அன்று முதல் கார் வாடிக்கையாளர் கைக்குப் போனது. அதன் 796 சிசி இன்ஜின் குறுக்காக வைக்கப்பட்டிருந்தது. ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடியது.

பழகிய மெக்கானிக்குகளுக்கே அது புதிது. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் விசிறி சுற்றாது. சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் விசிறி தானே சுற்றத் தொடங்கும். கை வைத்தவர்களுக்குக் காயம் நிச்சயம்.

உள்ளே நடப்பது இதுதான். தண்ணீர் வழியில் ஒரு வெப்ப சுவிட்ச் பொருத்தப்பட்டிருக்கும். வண்டிக்கு வண்டி அளவு மாறும் என்றாலும், பெரும்பாலும் 90 முதல் 100 டிகிரி செல்சியசுக்குள் ஒரு புள்ளியில் அது இணைப்புக் கொடுக்கும். அந்தச் சிறிய மின்னோட்டம் ஒரு ரிலேவை இயக்க, ரிலே மோட்டாருக்கு வேண்டிய பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும். சூடு நான்கைந்து டிகிரி இறங்கிய பிறகே சுவிட்ச் விடும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் விசிறி நொடிக்கொரு முறை எரிந்து அணைந்துகொண்டே இருக்கும். ஏசி உள்ள கார்களில் ஏசியைப் போட்டாலும் விசிறி ஓட வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கன்டென்சருக்கும் காற்று தேவை.

பெல்ட்டுக்குப் பதில் வயர் வந்ததும் பழுதின் குணமும் மாறியது. பெல்ட் அறுந்தால் உடனே தெரியும். பல கார்களில் தண்ணீர் பம்பும் டைனமோவும் அதே பெல்ட்டில்தான் ஓடின. வெப்ப சுவிட்ச் செத்தாலோ நெடுஞ்சாலையில் ஒன்றும் தெரியாது, சிக்னலில்தான் தெரியும். தட்டாஞ்சாவடிக்கு வந்து சூடாகும் காரின் புதிருக்கு விடை இதுவே. ஊருக்குள் அந்தக் காரில் புதிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. வழியெல்லாம் கெட்டுப்போன விசிறியின் வேலையைக் கடற்காற்று பார்த்து வந்தது.

"டைரக்ட்" கொடுக்கும் வழக்கம்

தானியங்கி ஏற்பாட்டின் மீது நம்பிக்கை வராத இடத்தில் ஒரு நாட்டு வைத்தியம் பிறந்தது. ஃபேனை "டைரக்ட்" கொடுப்பது என்று பட்டறைகளில் இதற்குப் பெயர். வெப்ப சுவிட்சை விட்டுவிட்டு, சாவி போட்டதும் விசிறி ஓடும்படி வயரை நேராக இணைத்துவிடுவார்கள். கூடவே தெர்மோஸ்டாட்டையும் கழற்றி வீசிவிடுவார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்பது வாதம்.

அவசரத்துக்கு டைரக்ட் கொடுப்பது புத்திசாலித்தனம்தான். வழியில் நின்றுபோன காரை வீடு சேர்க்க அதைவிட நல்ல வழி இல்லை. அதையே நிரந்தரமாக்குவதில்தான் சிக்கல். தெர்மோஸ்டாட்டும் இல்லாமல் விசிறியும் நிற்காமல் ஓடினால் இன்ஜின் தன் சரியான சூட்டை எட்டவே திணறும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேய்மானம் கூடும், மோட்டாரின் பிரஷ் சீக்கிரம் தேயும். அடைத்துப்போன ரேடியேட்டர், ஒழுகும் ஹோஸ், பலமிழந்த மூடி போன்ற உண்மையான காரணங்களும் மறைந்துபோகும். ஒரு நாள் அந்த மோட்டாரும் நின்றால் அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், சில நூறு ரூபாய் சுவிட்சில் முடிந்திருக்க வேண்டிய செலவு பல ஆயிரங்களில் போய் நிற்கும். அம்பாசிடரின் வார்ப்பிரும்பு ஹெட் பொறுத்துக்கொண்ட சூட்டை அலுமினியம் பொறுக்காது.

கணினியின் கையில்

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாகின. கார்பரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்தது. அதோடு விசிறியின் பொறுப்பும் இன்ஜினை ஆளும் சிறு கணினிக்குப் போனது. தண்ணீரின் சூட்டை ஒரு சென்சார் அளந்து சொல்ல, கணினி விசிறியை மெதுவாகவோ வேகமாகவோ ஓட்டும். பல கார்களில் சென்சாரின் வயர் அறுந்தால் கணினி விசிறியை நிறுத்தாமல் ஓடவிடும். சூடு தெரியாதபோது குளிர்விப்பதே பாதுகாப்பு என்பது அதன் கணக்கு. அதாவது, பட்டறையின் "டைரக்ட்" யோசனையைப் பொறியாளர்களும் ஆபத்துக் காலத்துக்கு மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே இன்றைய காரில் ஸ்டார்ட் செய்ததிலிருந்தே விசிறி முழு வேகத்தில் இரைந்தால் அது காரின் புகாராக இருக்கலாம், காது கொடுக்க வேண்டும்.

இரு சக்கர வண்டிகளுக்கும் இது வந்துவிட்டது. 2008-ல் வந்த யமஹா ஆர்15-லேயே ரேடியேட்டர் இருந்தது. காற்றால் குளிரும் இன்ஜினுக்குப் பெயர்போன சென்னையின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமே 2023-ல் ஹிமாலயன் 450 மூலம் தண்ணீர்க் குளிர்விப்புக்கு மாறத் தொடங்கியது. மாருதி 800-ம் அம்பாசிடரும் 2014-ல் தயாரிப்பை நிறுத்திக்கொண்டன. பேட்டரியில் ஓடும் பல கார்களிலும் ரேடியேட்டரும் விசிறியும் உண்டு. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் சூடு ஆகாது.

ஆகவே ஊர் எல்லையில் முள் ஏறினால் செய்ய வேண்டியவை மூன்றுதான். வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். சூடு தணியும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். பிறகு மெக்கானிக்கிடம் போய், "டைரக்ட் கொடுங்கள்" என்று சொல்வதற்கு முன்னால் "ஃபேன் ஏன் ஓடவில்லை?" என்று கேட்க வேண்டும். ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், மோட்டார் என நான்கே இடங்களில் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். சாவடி என்றால் வழிப்போக்கர் இளைப்பாறும் இடம். தட்டாஞ்சாவடியில் வண்டியும் ஐந்து நிமிடம் இளைப்பாறட்டும்.