வெளிநாட்டில் சின்னக் காயம்: ஆன்டிபயாடிக் கிரீம் கேட்டால் ஏன் தருவதில்லை? முதலில் என்ன செய்யணும்?

ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணி. மான்செஸ்டரிலோ மியூனிக்கிலோ ஒரு ஷேர்டு ஃபிளாட். வெங்காயம் நறுக்கும்போது கத்தி நழுவி விரலில் இறங்கிவிட்டது. ஊராக இருந்தால் தெருமுனை மெடிக்கலில் "அண்ணா, ஒரு சோஃப்ராமைசின், ரெண்டு பேண்ட்எய்ட்" என்று கேட்டு வாங்கியிருப்பீர்கள். பக்கத்து கிளினிக்கில் ஒரு டிடி ஊசி போட்டுக்கொண்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

புது நாட்டில் இந்த இரண்டுமே எளிதில் நடக்காது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஆன்டிபயாடிக் கிரீம்களுக்குப் பெரும்பாலும் டாக்டர் சீட்டு வேண்டும். டிடி கேட்டால், "கடைசியாக எப்போது போட்டீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார்கள். நம்மில் பலருக்கு அதற்குப் பதில் தெரியாது.

அதனால் சிலர் ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைப் பட்டையில் மீதமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொள்கிறார்கள். சிலர் "பார்த்துக்கலாம்" என்று நாலு நாள் விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. சின்னக் காயத்துக்கு உண்மையில் எது தேவை, எது தேவையில்லை, எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்று பார்ப்போம்.

முதல் 10 நிமிடத்தில் செய்ய வேண்டியது

1. அழுத்திப் பிடியுங்கள். சுத்தமான துணி அல்லது காஸ் துணியைக் காயத்தின் மேல் வைத்து, 10 நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். கையை மார்புக்கு மேலே தூக்கி வைப்பது நல்லது. "நின்னுடுச்சா" என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால், உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி கசியும்.

2. குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். ரத்தம் நின்றதும், ஓடும் தண்ணீரில் சில நிமிடம் காட்டுங்கள். காயத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு சோப்பு போடலாம். குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரில் கழுவினாலும் சலைனில் கழுவினாலும் தொற்று விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் முடிவு. குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாத ஊரில் இருந்தால், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரோ பாட்டில் தண்ணீரோ போதும்.

3. மண், கண்ணாடித் துகள் இருந்தால் எடுங்கள். ஆல்கஹாலில் துடைத்த ட்வீசர் போதும். ஆழமாகக் குத்தியிருந்தால் தோண்ட வேண்டாம். அது டாக்டர் வேலை.

4. மூடி வையுங்கள். மெல்லிசாக வாஸ்லின் தடவி, பேண்ட்எய்ட் போடுங்கள். தினம் ஒருமுறையும், நனைந்தால் உடனேயும் மாற்றுங்கள்.

செய்யக்கூடாதவை: காபித்தூள், டூத்பேஸ்ட், மஞ்சள்தூள். சமையலறை டப்பாவில் இருக்கும் தூள் கிருமி நீக்கியது இல்லை. காயத்துக்குள் ஒட்டிக்கொண்டு, பிறகு டாக்டர் சுத்தம் செய்வதையும் கஷ்டமாக்கும். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவது, ஹைட்ரஜன் பெராக்சைடைத் தினமும் ஊற்றுவது ஆகியவை கிருமியோடு சேர்த்து, ஆறிக்கொண்டிருக்கும் திசுவையும் பாதிக்கும்.

"காத்து பட்டாதான் காயும்" என்று வீட்டில் சொல்வார்களே?

அறிவியல் வேறு மாதிரி சொல்கிறது. 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் செய்த பரிசோதனையை 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயங்களில், திறந்து காயவிட்ட காயங்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் புதுத்தோல் வளர்ந்தது. இன்று பயன்படும் நவீன டிரெஸ்ஸிங்குகளுக்கு அடிப்படை அதுதான்.

கிரீம் இல்லாமல் ஆறுமா?

ஆறும். 1996-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. சின்ன அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 900 பேரில் பாதிப் பேருக்குச் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி, மீதிப் பேருக்கு பாசிட்ரேசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு. தொற்று வந்தவர்கள் முதல் குழுவில் 2.0%, இரண்டாவது குழுவில் 0.9%. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதுதான் புள்ளியியல் முடிவு. களிம்பு போட்டவர்களில் சிலருக்கு அலர்ஜி வந்தது. ஜெல்லி போட்டவர்களில் யாருக்கும் வரவில்லை. இது சுத்தமான அறுவை சிகிச்சைக் காயங்களில் செய்த ஆய்வு. மண் புகுந்த காயத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் நன்றாகக் கழுவிய கத்திக் காயத்துக்கு வாஸ்லின் போதும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியும் சொல்கிறது.

அலர்ஜி என்பது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் நியோஸ்போரினில் உள்ள நியோமைசினை, 2010-ல் அந்நாட்டின் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. நம் சோஃப்ராமைசினில் உள்ள ஃப்ராமைசெட்டினும் அதே குடும்பம்தான். களிம்பு போட்ட இடத்தில் அரிப்பும் தடிப்பும் வந்தால், "காயம் சீழ் பிடிச்சிடுச்சு" என்று நினைத்து இன்னும் அதிகமாகப் பூசுகிறோம். அரித்தால் முதலில் களிம்பை நிறுத்துங்கள்.

சரி, சீட்டு இல்லாமல் ஏன் தருவதில்லை? தேவையில்லாத இடத்தில் பயன்படுத்தினால் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்பதால்தான். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019-ல் மட்டும் உலகம் முழுவதும் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக 'லான்செட்' ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவிலும் ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டையில் இருக்கும் சிவப்புக் கோட்டுக்கு, டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்றுதான் அர்த்தம். நாம் அதைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு காயத்துக்கும் டிடி போடணுமா?

வேண்டாம். டெட்டனஸ் துருவிலிருந்து வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமியின் வித்துகள் ஆழமான காயத்துக்குள் போனால்தான் பிரச்சினை. அதனால் காயம் எப்படிப்பட்டது, கடைசி ஊசி எப்போது என்ற இரண்டையும் வைத்தே முடிவு செய்கிறார்கள்.

அமெரிக்க விதி: அடிப்படைத் தடுப்பூசிகளை முடித்தவருக்கு, சுத்தமான சின்னக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் மட்டும் பூஸ்டர். மண், எச்சில் பட்ட காயமோ ஆழமாகக் குத்திய காயமோ என்றால் 5 வருடம். பிரிட்டனில், கடைசி ஊசி 10 வருடத்துக்குள் என்றால் பொதுவாக உடனடி பூஸ்டர் தேவையில்லை.

எனவே இன்றைக்கே செய்ய வேண்டிய ஒரு வேலை: அம்மாவுக்கு போன் போட்டு, குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போடும் ஊசிகளை நீங்கள் போட்டீர்களா என்றும் கேளுங்கள். அதன் பிறகு போட்ட ஊசிகளின் தேதியையும் சேர்த்து மொபைலில் குறித்து வையுங்கள். ஆதாரம் இல்லை என்றால், போடவே இல்லை என்று கணக்கில் எடுத்துத்தான் சிகிச்சை கொடுப்பார்கள்.

"சிவந்தால் டாக்டரைப் பாருங்கள்": நம் தோலில் சிவப்பு தெரியுமா?

தொற்றின் அறிகுறிகளைக் கூகுளில் தேடினால் முதலில் வருவது "சிவத்தல்". கூடவே வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல். மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் அந்தச் சிவப்பு ஊதாவாகவோ அடர் பழுப்பாகவோ தெரியலாம். சில நேரம் கண்ணுக்கே தெரியாது. கண்ணை மட்டும் நம்பினால் ஒன்றிரண்டு நாள் தாமதமாகிவிடும்.

அதனால் தொட்டுப் பாருங்கள். புறங்கையை வைத்துப் பார்த்தால், சுற்றியுள்ள இடத்தைவிட அங்கே சூடாக இருக்கிறதா? தோல் இறுகிப் பளபளவென்று வீங்கியிருக்கிறதா? வலி குறைய வேண்டிய மூன்றாம் நாளில் கூடுகிறதா? சீழோ நாற்றமோ வருகிறதா? நிறம் மாறிய இடத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, நேரத்தையும் எழுதுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டிப் பரவினால் அன்றே டாக்டரைப் பாருங்கள். போனில் பேசும் நர்ஸிடம், "என் தோலில் சிவப்பு தெரியாது, ஆனால் சூடாக இருக்கிறது, கோட்டைத் தாண்டிப் பரவுகிறது" என்று சொன்னால் அவர்களால் சரியாக முடிவெடுக்க முடியும்.

காயத்திலிருந்து கோடு போல மேலே ஏறும் நிறமாற்றம், குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு ஆகியவை இருந்தால் தொற்று உடலுக்குள் பரவுவதாக இருக்கலாம். அப்போது அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள்.

காலில் வந்த சின்னக் காயம் இரண்டு வாரமாக ஆறவில்லை என்றால் சுகர் டெஸ்ட் எடுங்கள். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு மதிப்பிட்டது. "எனக்கு 32 வயசுதானே" என்பது நமக்கு ஒரு பாதுகாப்பே இல்லை.

நாய், குரங்கு, வௌவால் என்றால் விதி வேறு

இங்கே மட்டும் "பார்த்துக்கலாம்" வேண்டவே வேண்டாம். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. கடித்த அல்லது கீறிய இடத்தை சோப்பும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அதே நாளில் ஊசிக்குப் போங்கள்.

சிங்கப்பூரில் நாய் ரேபிஸ் இல்லை. ஆனால் அங்கிருந்து வார இறுதிக்குப் போகும் பாலியில் 2008 முதல் இருக்கிறது. அமெரிக்காவில் கவலைப்பட வேண்டியது வௌவாலைப் பற்றித்தான். லீவுக்கு ஊருக்கு வந்தபோது கடி வாங்கி, ஊசிகள் முடிவதற்குள் விமானம் ஏற வேண்டியிருந்தால், எந்த மருந்து, எந்தத் தேதி, எந்த முறையில் போட்டது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீதி டோஸை அந்த நாட்டில் தொடரலாம். பாதியில் நிறுத்தக் கூடாது.

எந்த நாட்டில் யாரைக் கூப்பிடுவது?

பிரிட்டன்: அவசரம் இல்லை என்றால் 111, உயிர் ஆபத்து என்றால் 999. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் 'பார்மசி ஃபர்ஸ்ட்' திட்டம் இருக்கிறது. தொற்றிய பூச்சிக்கடி உட்பட 7 பிரச்சினைகளுக்கு மருந்தாளுநரே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் தரலாம். கத்திக் காயம் அந்த 7-ல் இல்லை. ஆனாலும் ஆலோசனை சொல்வார்.

ஜெர்மனி: கிளினிக் மூடிய நேரத்தில் 116117, எமர்ஜென்சி 112. இரவிலும் ஞாயிறன்றும் முறை வைத்து ஒரு மருந்துக் கடை திறந்திருக்கும்; எது என்று மூடிய கடையின் வாசலில் எழுதியிருக்கும்.

அமெரிக்கா: எமர்ஜென்சி 911. தையல் போடும் அளவுக்கான காயத்துக்கு 'அர்ஜென்ட் கேர்' மையம் பெரும்பாலும் மருத்துவமனை எமர்ஜென்சியைவிடச் செலவு குறைவு. எந்த மையம் உங்கள் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் இருக்கிறது என்று முன்பே பார்த்து வையுங்கள்.

சிங்கப்பூர்: ஆம்புலன்ஸ் 995. சின்னக் காயத்துக்கு ஜிபி கிளினிக் அல்லது பாலிகிளினிக்.

ஐக்கிய அரபு அமீரகம்: ஆம்புலன்ஸ் 998.

எந்த நாடாக இருந்தாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டியவை: 10 நிமிடம் அழுத்தியும் நிற்காத ரத்தம், வாய் பிளந்து நிற்கும் காயம், விரல் மரத்துப்போவது அல்லது மடக்க முடியாமல் போவது, உள்ளே ஏதோ சிக்கியிருப்பது, மனிதர் அல்லது விலங்கு கடித்தது.

ஊரிலிருந்து என்ன எடுத்துப் போகலாம்?

காஸ் துணி, டேப், பேண்ட்எய்ட், ட்வீசர், வாஸ்லின், பாரசிட்டமால், தெர்மாமீட்டர், பேனா. இவ்வளவு போதும். பழைய ஆன்டிபயாடிக் பட்டையும் ஸ்டீராய்டு கலந்த கூட்டு கிரீமும் வேண்டாம். ஸ்டீராய்டு காயம் ஆறுவதைத் தாமதமாக்கும், தொற்றின் அறிகுறியையும் மறைக்கும்.

வலி மாத்திரையில் கவனம் தேவை. டிரமடாலும் கோடீனும் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே சிக்கல். ஊரில் கிடைக்கும் கூட்டு வலி மாத்திரைகள் சிலவற்றிலும் டிரமடால் இருக்கிறது. பெட்டியை மூடுவதற்கு முன் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.