கோப்பிக் கடை வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகள்

கொடகவெல பஸ் தரிப்பிடத்தில் கொழும்பு பஸ்ஸுக்காக நிற்கும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் என்ன வேலை என்று கேட்டால், புடவைக் கடை, ஹோட்டல் என்பதோடு "கோப்பி ஷொப்" என்ற பதிலும் இப்போது வருகிறது. லயத்தில் சாயத் தேத்தண்ணி குடித்து வளர்ந்தவர்கள் இவர்கள். நானும் அப்படித்தான். எங்களுக்குக் கோப்பி என்றால் காய்ச்சலுக்குச் சுக்கும் மல்லியும் இடித்துப் போட்டுக் குடிப்பது.

ஆனால் எங்கள் முன்னோரை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தது தேயிலை அல்ல, கோப்பி. 1820களில் கம்பளைப் பக்கம் தோட்டங்கள் தொடங்கின. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களில் பலர் வழியிலேயே இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடைபயணம் நடந்தது. 1869இல் இலைத்துரு நோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது.

கடை எப்படி நடக்கிறது?

ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஐந்து, ஆறு கிலோ பழம் வேண்டும். வறுக்கும்போது எடை மேலும் குறையும். எஸ்பிரெசோ இரட்டை அளவுக்குச் சுமார் 18 கிராம் தூள் போகிறது. ஆகவே ஒரு கிலோவில் 55 கோப்பை வரை எடுக்கலாம். விலையின் பெரும்பகுதி கொட்டைக்குப் போவதில்லை. கடை வாடகை, மின்சாரம், இயந்திரம், பால், சம்பளம் எல்லாம் அதற்குள் அடங்கும். ஒரு கோப்பையோடு ஒரு மணி நேரம் உட்காருபவரால் கடைக்கு இலாபம் குறைவு. அதனால்தான் கேக்கும் சிற்றுண்டியும் கண்ணில் படும்படி வைக்கப்படுகின்றன.

இயந்திரத்தில் நிற்பதும் சும்மா வேலையல்ல. 9 பார் அழுத்தத்தில் 25 முதல் 30 செக்கனுக்குள் கோப்பி இறங்க வேண்டும். தூள் பருமனாக இருந்தால் வேகமாக ஓடிப் புளிக்கும். மிக நைஸாக இருந்தால் கசக்கும். பாலை 65 பாகைக்கு மேல் சூடாக்கினால் இனிப்புக் கெடும். மாதக்கணக்கில் கைபழகினால்தான் இது வரும்.

கேட்டு வாங்க வேண்டியவை

தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. கொழும்பின் பெரிய கடைகளில் இரண்டு கோப்பை கோப்பியே அதை விழுங்கிவிடும். பிள்ளைகள் பஸ் ஏறுவதில் வியப்பில்லை. ஆனால் என் உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு கடையில் ஒன்றரை வருடம் வேலை செய்துவிட்டு விலகியபோது, அவன் பெயரில் சேமலாப நிதிக் கணக்கே இருக்கவில்லை. நியமனக் கடிதமும் இல்லை. அத்தனை நாள் உழைத்ததைக் காட்ட அவனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழமையான வேலை. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும் தொழிலாளி 8 சதவீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 சதவீதம் கட்ட வேண்டும். பில்லில் 10 சதவீத சேவைக் கட்டணம் அறவிடும் கடையானால், அதில் ஊழியருக்கு எவ்வளவு என்று சேரும்போதே கேளுங்கள்.

கடிதம் தர மறுத்தாலோ நிதி கட்டாவிட்டாலோ தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். சம்பளச் சிட்டை, வேலை நேர அட்டவணை, மேலாளர் அனுப்பிய குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். முதல் மாதத்திலேயே அவற்றின் பிரதி ஒன்றை வீட்டிலும் வைத்துவிடுங்கள்.