ராபர்ட்சன்பேட்டை – பெங்களூரு: பயணத் தொலைவும் நேரமும்

ராபர்ட்சன்பேட்டை, கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் உள்ள கோலார் தங்கவயலின் வணிக மையம். தமிழர்கள் பெருமளவில் வாழும் ஊர். இங்கிருந்து பெங்களூருக்கான நேர்கோட்டுத் தொலைவு சுமார் 74 கி.மீ.; சாலை வழியே ஏறத்தாழ 100 கி.மீ. சென்னை நேர்கோட்டில் சுமார் 216 கி.மீ. மூன்று ஊர்களுமே 13 பாகை வட அட்சரேகையை ஒட்டி, கிட்டத்தட்ட ஒரே கிழக்கு–மேற்குக் கோட்டில் அமைந்தவை.

ரயில்

ஜோலார்பேட்டை–பெங்களூரு பாதை 1864இல் திறக்கப்பட்டது. அதன் பவுரிங்பேட்டை நிலையமே இன்றைய பங்காரப்பேட்டை சந்திப்பு. தங்கவயலின் தங்கச் சுரங்கங்களுக்காக அங்கிருந்து மாரிகுப்பம் வரை ஏறத்தாழ 16 கி.மீ. கிளைப்பாதை 1894இல் போடப்பட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் ஆகியவை இக்கிளையின் நிலையங்கள். மாரிகுப்பத்திலிருந்து பெங்களூரு நகர நிலையம் ஏறத்தாழ 86 கி.மீ. வழியெங்கும் நின்று செல்லும் பயணிகள் ரயில் இதைக் கடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அன்றாடப் பயணம்

பூமிக்கடியில் 3 கி.மீ.க்கும் ஆழமாகச் சென்ற சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதுவரை வேலை, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. அதன்பின் பிழைப்புக்காக ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூரு போய்த் திரும்புகிறார்கள். விடியுமுன் சோற்றுப் பையோடு ரயிலேறி, ஒயிட்பீல்டு, கிருஷ்ணராஜபுரம், கண்டோன்மென்ட் நிலையங்களில் இறங்கி வேலைக்குச் செல்கிறார்கள். போகவர நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயிலிலேயே கழிகிறது. நிலையத்துக்கு நடப்பதும், நகரில் அடுத்த வண்டி பிடிப்பதும் தனி. 2023இல் ஒயிட்பீல்டு ரயில் நிலையத்தை ஒட்டி மெட்ரோ வந்தபின் அந்த இரண்டாம் கட்டப் பயணம் பலருக்கு எளிதாயிற்று.

சாலை

பேருந்துகள் பங்காரப்பேட்டை வழியாகவோ கோலார் வழியாகவோ பெங்களூரு செல்கின்றன. சுமார் 260 கி.மீ. நீளமுள்ள பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை தங்கவயல் பகுதியைத் தொட்டுச் செல்கிறது. ஹொசகோட்டே முதல் பேத்தமங்களா வரையிலான கர்நாடகப் பகுதியில் 2024 இறுதியில் வாகனங்கள் ஓடத் தொடங்கின. கார் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய நேர மிச்சம்.

விமானம்

தங்கவயலிலிருந்து பயணிகள் விமானச் சேவை இல்லை. 2008 மே மாதம் பெங்களூரின் விமானப் போக்குவரத்து, நகரின் கிழக்கே இருந்த எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து வடக்கே தேவனஹள்ளிக்கு மாறியது. அங்கிருந்து சென்னைக்கு விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஆனால் ராபர்ட்சன்பேட்டைக்காரர் அந்த விமானத்தைப் பிடிக்கவே இரண்டு மணி நேரமாவது சாலையில் செல்ல வேண்டும். எனவே சென்னைக்குப் போக பங்காரப்பேட்டையில் ரயிலேறுவதே இவ்வூராருக்கு உகந்தது.

முக்கியத்துவம்

சிவசமுத்திரம் மின்நிலையத்திலிருந்து 147 கி.மீ. கம்பி இழுத்து 1902இல் இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்தொடர்களில் அது ஒன்று. தங்கத்துக்காக அன்று தூரம் தடையாக இருக்கவில்லை. தங்கம் எடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு இன்று வேண்டியது, காலையிலும் மாலையிலும் நேரம் தவறாமல் ஓடும் கூடுதல் ரயில்கள்.